படி யாருக்காக நகர்கிறது?

கூக்காலில் எஸ்கலேட்டர் கிடையாது. பூம்பாறைக்கு அப்பால், பூண்டும் உருளைக்கிழங்கும் காரட்டும் விளைகிற அந்த மலைக் கிராமத்தில் படி என்றால் அது சரிவை வெட்டிக் கட்டிய வயல் அடுக்குதான். மூட்டையைத் தலையில் வைத்துக் கொண்டு அடுக்கு அடுக்காக ஏறி இறங்கும் கூலிக்காரப் பெண்ணிடம், மின்சாரத்தில் தானே நகரும் படியைப் பற்றிப் பேசப் போனால் சிரிப்பாள். "எங்களுக்குக் கூலி நகரலே, இதிலே படி நகர்ந்தா என்ன, நகராட்டி என்ன?" என்று கேட்பாள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லவே இதை எழுதுகிறோம்.

அந்தப் பெண்ணின் மகன் எங்கே இருக்கிறான்? மலையில் வேலை இல்லாத மாதங்களில் பழனி வழியாகப் பஸ் பிடித்துத் திருப்பூர்ப் பனியன் கம்பெனிக்குப் போகிறான். அல்லது கொடை ரோட்டில் ரயிலேறிச் சென்னைக்குப் போகிறான். அவன் இறங்கும் ஸ்டேஷனில் படி இருக்கிறது, மேம்பாலம் இருக்கிறது, பெரிய ஸ்டேஷனானால் எஸ்கலேட்டரும் இருக்கிறது. அந்தப் படியின் அகலம் எவ்வளவு, அதில் ஒரு நிமிஷத்துக்கு எத்தனை பேர் போக முடியும், உண்மையில் எத்தனை பேர் வந்து சேருகிறார்கள் என்று யாராவது எண்ணிப் பார்த்தார்களா? எண்ணினார்கள் என்றால், எண்ணிய பிறகு என்ன செய்தார்கள்? இது கூக்காலின் பிரச்னைதான், தோழர்களே. உயிர்ப் பிரச்னை.

பம்பாயில் நடந்ததை ஆலைத் தொழிலாளர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2017 செப்டம்பர் 29, வெள்ளிக்கிழமை, காலை பத்தரை மணி. எல்பின்ஸ்டன் ரோடு ஸ்டேஷனையும் பரேல் ஸ்டேஷனையும் இணைக்கும் பழைய, குறுகலான நடை மேம்பாலம். திடீரென்று மழை. குடை இல்லாதவர்கள் பாலத்திலும் படியிலும் ஒதுங்கி நின்றார்கள். ரயில்கள் அடுத்தடுத்து வந்து ஆட்களை இறக்கிக் கொண்டே இருந்தன. வெளியே போக வழியில்லை; உள்ளே வருவது நிற்கவில்லை. 23 பேர் மாண்டார்கள். வேலைக்குப் போய்க் கொண்டிருந்தவர்கள்.

பரேல் என்றால் என்ன என்பதை இளைய தோழர்களுக்குச் சொல்ல வேண்டும். பம்பாய்ப் பஞ்சாலைத் தொழிலாளியின் கோட்டை அது. 1928இல் கிர்னி காம்கார் யூனியன் பிறந்த வட்டாரம். 1970 ஜூனில் கம்யூனிஸ்ட் எம்.எல்.ஏ. தோழர் கிருஷ்ண தேசாய் கொலை செய்யப்பட்ட வட்டாரம். 1982 ஜனவரி 18ந் தேதி தொடங்கிய மாபெரும் வேலைநிறுத்தத்தில் சுமார் இரண்டரை லட்சம் தொழிலாளர்கள் இறங்கினார்கள். அதன் பிறகு முதலாளிகள் ஆலைகளை ஒவ்வொன்றாக மூடினார்கள்; நிலத்தை விற்றார்கள். தறி ஓடிய இடத்தில் கண்ணாடிக் கட்டிடங்கள் எழும்பின. பீனிக்ஸ் மில் இருந்த இடத்தில் இன்று பளபளக்கும் வணிக வளாகம் நிற்கிறது. கமலா மில் காம்பவுண்டில் ஆபீசும் மதுக்கடையும் வந்தன. அங்கே 2017 டிசம்பர் 29ந் தேதி தீப்பற்றி 14 பேர் கருகினார்கள்.

மில் ஓடிய காலத்தில் தொழிலாளி ஆலைக்குப் பக்கத்திலேயே சாலில் குடியிருந்தான். சங்கு ஊதினால் நடந்து போனான். அவனை விரட்டிவிட்டு ஆபீஸ் கட்டினார்கள். ஆபீஸில் வேலை செய்ய வருகிறவர்கள் எங்கிருந்து வருவார்கள்? நகரத்துக்கு வெளியே வெகு தூரத்திலிருந்து ரயிலில் வருவார்கள். எத்தனை ஆயிரம் பேர் வருவார்கள் என்பது கட்டிடத்துக்கு அனுமதி கொடுத்த அன்றே தெரிந்த கணக்கு. மாடிக்கு மேல் மாடிக்குக் கையெழுத்துப் போட்டவர்கள், அந்த ஜனங்கள் இறங்கி நடக்கும் படியை ஒரு முழமாவது அகலப்படுத்தினார்களா? நிலத்தின் விலை முதலாளியின் பெட்டிக்குப் போயிற்று. நெரிசல் தொழிலாளியின் நெஞ்சுக்கூட்டுக்கு வந்தது.

எச்சரிக்கை இல்லை என்று சொல்ல முடியாது. பாலத்தை விரிவாக்கு என்று தொகுதி எம்.பி. கேட்டிருந்தார். அவர் நம்மவர் அல்ல, சிவசேனைக்காரர். 2016இல் ரயில்வே மந்திரியிடமிருந்து அவருக்கு வந்த பதில்: பண நெருக்கடி! அதே சர்க்கார், 23 பேர் சாவதற்குச் சரியாகப் பதினைந்து நாள் முன்பு, 2017 செப்டம்பர் 14ந் தேதி ஆமதாபாத்தில் புல்லட் ரயிலுக்கு அடிக்கல் நாட்டியது. திட்டச் செலவு ஒரு லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். படிக்குப் பணமில்லை, பவனிக்கு உண்டு!

இன்னும் கேளுங்கள். சாவு நடந்த பிறகு ராணுவத்தைக் கூப்பிட்டார்கள். ராணுவப் பொறியாளர்கள் 2018 பிப்ரவரி 27க்குள் புதிய பாலத்தைக் கட்டித் திறந்து விட்டார்கள். ஐந்து மாதம் கூட ஆகவில்லை. அப்படியானால் இத்தனை வருஷமாக இல்லாமல் இருந்தது இரும்பா, சிமெண்டா, ஆளா? சர்க்காரின் மனசு. அதுவரை ரயில்வேயின் கணக்குப் புத்தகத்தில் நடை மேம்பாலம் என்பது "பயணிகள் வசதி" என்ற தலைப்பில் இருந்தது. விசிறி மாதிரி, பெஞ்சு மாதிரி, இருந்தால் நல்லது என்ற வகை. 23 பிணங்கள் விழுந்த பிறகுதான் அதைக் கட்டாயத் தேவை என்று மாற்றினார்கள். நடந்து வெளியே போவது வசதியாம்!

விசாரணை என்ன கண்டது? மழை காரணம் என்று கண்டது. "பூ விழுந்தது" என்று யாரோ கத்தியது "பாலம் விழுந்தது" என்று காதில் விழுந்ததாக ஒரு கதையும் வந்தது. இருக்கலாம். இந்தியில் இரண்டும் ஒலியில் நெருக்கமான சொற்கள்தாம். நாம் கேட்பது வேறு: ஒரு சொல் தவறாகக் காதில் விழுந்தால் 23 பேர் சாகும் அளவுக்கு அந்தப் படியை நிரப்பி வைத்தது யார்?

நம் ஊரிலும் இதே பாட்டுத்தான். 2005 டிசம்பர் 18ந் தேதி விடியற்காலை, சென்னை எம்.ஜி.ஆர். நகரில் வெள்ள நிவாரண டோக்கன் வாங்க வந்த ஏழைகளில் 42 பேர் ஒரு பள்ளிக்கூட வாசலில் நசுங்கி மாண்டார்கள். அப்போதும் மழை, வதந்தி என்றார்கள். 2025 பிப்ரவரி 15ந் தேதி இரவு, கும்பமேளாவுக்குப் போக வந்த கூட்டத்தில் புதுடில்லி ஸ்டேஷனில் 18 பேர் இறந்தார்கள். ரயில்வே மந்திரி பார்லிமெண்டில் என்ன சொன்னார் தெரியுமா? ஒரு பிரயாணியின் தலையிலிருந்து பெரிய சுமை படியில் விழுந்ததாம், அதனால் ஜனங்கள் தடுக்கி விழுந்தார்களாம். கேட்டீர்களா, கூக்கால் அம்மா? குற்றவாளி தலைச்சுமை! ரயிலில் வருகிற ஏழை எதில் சாமான் கொண்டு வருவான்? தலைச்சுமையோடு மனிதன் வருவான் என்று தெரியாதவர்களா இந்த நாட்டில் ரயில் ஓட்டுகிறார்கள்?

கூட்டத்தில் ஜனங்கள் எப்படிச் சாகிறார்கள் என்பதையும் தெரிந்து கொள்ள வேண்டும். "மிதிபட்டு இறந்தனர்" என்று பெரிய பத்திரிகைகள் எழுதும்போது, ஏதோ வெறிபிடித்த மந்தை ஒன்றையொன்று மிதித்ததாகப் படிக்கிறவன் நினைக்கிறான். உண்மை வேறு. சதுர மீட்டருக்கு ஏழு பேர் அளவுக்கு நெருங்கிவிட்டால் கூட்டம் தண்ணீர் போல் ஆகிவிடுகிறது. தனி மனிதனுக்குத் தன் காலின் மேல் அதிகாரம் இல்லை. பின்னால் ஒரு தள்ளல் வந்தால் அது அலையாக முன்னால் போகிறது. நெஞ்சை விரித்து மூச்சு இழுக்க இடமில்லாமல் பலர் நின்றபடியே சாகிறார்கள். நடைக்கூட்டத்தை ஆராய்ந்த அமெரிக்கப் பொறியாளர் ஜான் ஃப்ரூயின் இதைப் பல ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்திருக்கிறார். 1971லேயே நடைபாதைக்கும் படிக்கும் எவ்வளவு இடம் வேண்டும் என்று தரம் பிரித்துப் புத்தகமும் போட்டார். ஆகவே சாஸ்திரம் தெரியாது என்ற சாக்கு செல்லாது.

பம்பாய் லோக்கல் ரயிலில் காலை நேரத்தில் சதுர மீட்டருக்கு 14 முதல் 16 பேர் வரை நிற்கிறார்கள். ரயில்வே இதற்கு ஒரு பெயரே வைத்திருக்கிறது: "சூப்பர் டென்ஸ் கிரஷ் லோடு". ஜனங்கள் நசுங்குவதை அளந்து, அதற்கு இங்கிலீஷில் பெயர் சூட்டி, பைலில் போட்டு வைத்திருக்கிறார்கள். எண்ணத் தெரியாமல் இல்லை.

எண்ணும் வித்தையைப் பற்றி ஆலைத் தொழிலாளிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ரிங் பிரேமுக்குப் பக்கத்தில் கையில் ஸ்டாப் வாட்சோடு வந்து நிற்பானே, அவனை மறக்க முடியுமா? இழை அறுந்தால் முடிய எத்தனை விநாடி, ஒரு சைடிலிருந்து அடுத்த சைடுக்கு நடக்க எத்தனை விநாடி, தண்ணீர் குடிக்க எத்தனை விநாடி என்று எழுதிக் கொண்டு போவான். மறு மாதம் ஒரு ஆளுக்கு இரண்டு சைடு கூடும். நம் கை அசைவை விநாடிக் கணக்கில் எண்ணத் தெரிந்த வர்க்கம், ஷிப்டு முடிந்து நாம் இறங்கும் படியில் நிமிஷத்துக்கு எத்தனை பேர் என்று எண்ண ஒருத்தனை அனுப்பியது உண்டா?

சரி, அந்தக் கணக்கை நாமே போடுவோம். கஷ்டமானதல்ல.

எஸ்கலேட்டரின் ஒரு படி சுமார் 40 சென்டிமீட்டர் ஆழம். விநாடிக்கு அரை மீட்டர் நகர்கிறது. அப்படியானால் நிமிஷத்துக்கு 75 படிகள். ஒரு மீட்டர் அகலமான படியில் இரண்டு பேர் நிற்கலாம் என்றால் நிமிஷத்துக்கு 150 பேர், மணிக்கு 9,000 பேர். விற்கிறவன் இந்தக் கணக்கைத்தான் காட்டுவான். ஆனால் எந்தப் படியிலும் எப்போதும் இரண்டு பேர் நிற்பதில்லை. ஒருவர் கையில் பை, ஒருவர் இடுப்பில் குழந்தை. வயதானவர் கால் வைக்கத் தயங்குகிறார். அதனால்தான் ஐரோப்பாவின் எஸ்கலேட்டர் தரவிதி இதே அகலத்துக்கும் வேகத்துக்கும் மணிக்கு 6,000 பேர் என்றே வைக்கிறது. நிமிஷத்துக்கு நூறு. மூன்றில் ஒரு பங்கு காகிதத்தில் மட்டுமே ஓடுகிற படி!

சாதாரணப் படிக்கட்டுக்கும் கணக்கு இருக்கிறது. விளையாட்டு மைதானங்களுக்காக பிரிட்டனில் வெளியிட்டிருக்கும் பாதுகாப்புக் கையேடு, ஒரு மீட்டர் அகலப் படியில் நிமிஷத்துக்கு 66 பேருக்கு மேல் கணக்கிடாதே என்கிறது. இப்போது ஒரு உதாரணம் வைத்துக் கொள்வோம். ஒரே சமயத்தில் இரண்டு ரயில்கள் வந்து 2,000 பேரை இறக்குகின்றன. வெளியே போக இரண்டு மீட்டர் அகலமுள்ள ஒரே படி. நிமிஷத்துக்கு 132 பேர். எல்லோரும் போகக் கால் மணி நேரம் வேண்டும். அடுத்த ரயில் நாலு நிமிஷத்தில் வந்தால்? எதிர்த் திசையில் ஏறி வருகிறவர்களை இன்னும் சேர்க்கவே இல்லை. மழையையும் சேர்க்கவில்லை. இந்தக் கணக்கைப் போட இஞ்சினீயர் படிப்பு வேண்டாம். கூக்கால் பள்ளிக்கூடத்துப் பிள்ளை போடும்.

இங்கேதான் சர்க்காரின் அளவுகோலைப் பார்க்க வேண்டும். ரயில்வே வெகு காலம் ஸ்டேஷன்களை ஏ-1, ஏ, பி என்று பிரித்து வைத்திருந்தது. எதை வைத்து? டிக்கெட் வசூலை வைத்து. வருஷத்துக்கு 60 கோடி ரூபாய்க்கு மேல் வசூலானால் ஏ-1. எஸ்கலேட்டர் போன்ற வசதிகள் அந்தத் தரத்தின்படிதான் வந்தன. குளிர்பதனப் பெட்டியில் போகும் ஒருவன் கொடுக்கும் கட்டணம், சீசன் டிக்கெட்டில் மாதம் முழுக்கப் போகிற தொழிலாளர் பலரின் கட்டணத்துக்குச் சமம். ஆகவே பணம் ஏறுகிற ஸ்டேஷனில் படி நகர்ந்தது. ஜனங்கள் ஏறுகிற ஸ்டேஷனில் படி நின்றது.

எல்பின்ஸ்டனுக்குப் பிறகு மாற்றினார்கள். 2018 பிப்ரவரி 1ந் தேதி பட்ஜெட்டில் நிதி மந்திரி ஜெட்லி, 25,000 பேருக்கு மேல் வந்து போகும் எல்லா ஸ்டேஷன்களுக்கும் எஸ்கலேட்டர் என்று அறிவித்தார். வசூலை விட்டு ஆளை எண்ணத் தொடங்கியது ஒரு படி முன்னேற்றம்தான், ஒப்புக் கொள்கிறோம். ஆனால் நாள் முழுவதற்கும் கூட்டிப் பார்க்கும் இந்த எண் நெரிசலைப் பற்றி என்ன சொல்லும்? 25,000 பேர் பகல் முழுக்கப் பரவலாக வந்தால் படி காலியாகக் கிடக்கும். ஷிப்டு விடுகிற பத்து நிமிஷத்தில் 3,000 பேர் வந்தால் அந்த ஸ்டேஷனின் நாள் கணக்கு 8,000தான் என்றாலும் கழுத்து நெரியும். ஆற்றின் சராசரி ஆழம் முழங்கால் என்று சொல்லி ஆளை இறங்கச் சொல்வது போன்ற கணக்கு இது. மடுவில் அல்லவா மனிதன் மூழ்குகிறான்!

எஸ்கலேட்டர் வந்தால் எல்லாம் தீர்ந்தது என்று நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. படிக்கட்டில் முன்னால் நிற்பவன் நின்றால் பின்னால் வருபவனும் நிற்கலாம். எஸ்கலேட்டருக்குக் கண் இல்லை. மேலே இறங்குமிடத்தில் கதவு பூட்டியிருந்தாலும், டிக்கெட் சோதனைக்கு ஆட்களை நிறுத்தி வைத்திருந்தாலும், அது நிமிஷத்துக்கு நூறு பேரைக் கொண்டு வந்து கொட்டிக் கொண்டே இருக்கும். ஆகவே படியின் அகலத்தைப் போலவே, படி முடியும் இடத்தில் எவ்வளவு வெற்றிடம் என்பதையும் அளக்க வேண்டும். மின்சாரம் போனால் அதைச் சாதாரணப் படியாக வைத்துக் கொள்ளலாமே என்பார்கள். அதன் ஒவ்வொரு படியும் சாதாரணப் படியைவிட உயரம். மூட்டு தேய்ந்த விவசாயக் கூலிக் கிழவி அதில் ஏறிப் பார்க்கட்டும், தெரியும்.

வேகமாகப் போகிறவர்களுக்கு ஒரு பக்கத்தை ஒழித்துவிட்டு மறு பக்கத்தில் நில் என்ற நாகரிகம் லண்டனில் நெடுநாளாக உண்டு. அங்கே ஹோல்போர்ன் என்ற சுரங்க ரயில் நிலையத்தில் 2015இல் ஒரு பரிசோதனை செய்தார்கள். யாரும் நடக்க வேண்டாம், இரு பக்கமும் நில்லுங்கள் என்றார்கள். எஸ்கலேட்டர் சுமார் 30 சதவீதம் அதிகமான பேரைக் கொண்டு போயிற்று! உயரமான படியில் ஏறி நடக்கச் சிலரால்தான் முடியும்; அந்தச் சிலருக்காகப் பாதிப் படி காலியாக ஓடிக் கொண்டிருந்தது. மெதுவாகப் போகிறவன்தான் இடைஞ்சல் என்று சொல்கிறவர்கள் இந்தக் கணக்கை வைத்துக் கொள்ளட்டும்.

பராமரிப்பைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 1987 நவம்பர் 18ந் தேதி லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையத்தில் மர எஸ்கலேட்டருக்கு அடியில் கிரீசும் குப்பையும் சேர்ந்து கிடந்த இடத்தில் தீக்குச்சி ஒன்று விழுந்தது. 31 பேர் செத்தார்கள். 1982 பிப்ரவரி 17ந் தேதி மாஸ்கோவில் அவியமோட்டார்னயா நிலையத்தில் பிரேக் பிடிக்காமல் எஸ்கலேட்டர் கீழ்நோக்கி ஓடி 8 பேர் மாண்டார்கள். அங்குள்ள பத்திரிகை சில வரிகளோடு நிறுத்திக் கொண்டது. அது தவறு. தொழிலாளி சாகும் இடம் மாஸ்கோவானாலும் மறைக்கக் கூடாது என்பதே நம் கட்சி. நம் நாட்டில் இந்த எஸ்கலேட்டரைத் துடைப்பதும் எண்ணெய் போடுவதும் யார்? பெரும்பாலும் காண்டிராக்ட் ஆள். பழுதென்று அவன் சொன்னால் கேட்க ஆளுண்டா? சொன்னதற்காக வேலையிலிருந்து நீக்க ஆளுண்டு.

எஸ்கலேட்டரை மிகக் கவனமாகக் கணக்கிடும் இடம் ஒன்று இருக்கிறது. வணிக வளாகம். வாசலிலேயே கருவி வைத்து மணிக்கு எத்தனை தலை என்று எண்ணுகிறார்கள். ஏறும் படியை ஒரு மூலையிலும் அடுத்த மாடிக்கு ஏறும் படியை மறு மூலையிலும் வைக்கிறார்கள். நடுவில் எல்லாக் கடையையும் பார்த்துக் கொண்டே நடக்க வேண்டும் என்பதற்காக. பையில் பணத்தோடு வருகிறவனின் நடையைப் படித்திருக்கிறார்கள். பையில் சாப்பாட்டுத் தூக்கோடு வருகிறவனின் நடையைப் படிக்க ஆளில்லை.

எல்பின்ஸ்டனுக்குப் பிறகு நடந்த இன்னொரு காரியத்தையும் ஞாபகப்படுத்துகிறோம். நெரிசலுக்கு நடைபாதைக் கடைக்காரர்களே காரணம் என்று கிளப்பிவிட்டு, 2017 அக்டோபரில் நவநிர்மாண் சேனைக்காரர்கள் ஸ்டேஷன் வாசல்களில் காய்கறி விற்ற, துணி விற்ற ஏழைகளை அடித்து விரட்டினார்கள். பாலம் கட்டாத மந்திரியை ஒருவரும் தொடவில்லை. படியடியில் கடை கூடாது என்பது சரியான ஏற்பாடுதான். அதற்குப் பக்கத்தில் வேறு இடம் கொடுத்துவிட்டுப் பேசு. நெரிசல் என்று நாம் கேட்டால், நமக்குக் கீழே இருப்பவனை நம் கையாலேயே அடிக்க வைப்பார்கள். ஏமாறக் கூடாது.

என்ன கேட்கிறோம்? நாள் கணக்கு வேண்டாம், மிக மோசமான ஐந்து நிமிஷத்தை எண்ணு. ஸ்டேஷனானாலும், ஆஸ்பத்திரியானாலும், பள்ளிக்கூடமானாலும் அப்படியே. கும்பகோணத்தில் 2004 ஜூலை 16ந் தேதி குறுகலான படி உள்ள கட்டிடத்தில் 94 குழந்தைகள் வெந்தார்களே, அங்கே படியை அளந்து பார்க்காமல் சான்றிதழ் கொடுத்தவர்கள் யார் என்று கேட்ட தாய்மார்கள் இன்னும் இருக்கிறார்கள். படி ஒவ்வொன்றிலும் அது தாங்கும் எண்ணை எழுதி வை. எண் மீறும் நேரத்தில் ரயிலை வெளியே நிறுத்து, வாசலில் ஆளை நிறுத்து. இறங்கவும் எஸ்கலேட்டர் வை. ஏறுபவனுக்கு மட்டுமா மூட்டு வலிக்கிறது?

இதற்கெல்லாம் சர்க்கார் வரும் என்று காத்திருக்க வேண்டாம். தினசரி ரயிலில் போகிற ஆலைத் தோழர்களே, இரண்டு பேர் போதும். ஒருவர் கையில் கடிகாரம், ஒருவர் கையில் நோட்டு. ஷிப்டு விடும் நேரத்தில் படியின் அடியில் நின்று ஐந்து ஐந்து நிமிஷமாக ஆறு நாள் எண்ணுங்கள். கைப்பிடிக்குக் கைப்பிடி படியின் அகலத்தை நாடாவால் அளங்கள். மீட்டருக்கு 66 என்று பெருக்கி, வந்த ஆட்களைப் பக்கத்தில் எழுதுங்கள். மலையிலிருந்து மூட்டையோடு இறங்கும் கூலிக்காரப் பெண்ணை ஒருவராக எண்ணாதீர்கள், அவள் சுமைக்கும் இடம் வேண்டும், இரண்டாக எண்ணுங்கள். ஸ்டேஷன் மாஸ்டர் மேஜையில் ஒரு பிரதியைக் கொடுத்து ரசீது வாங்குங்கள். இன்னொரு பிரதியை நமக்கு அனுப்புங்கள், இதே பக்கத்தில் போடுகிறோம்.